மணி அடிக்கிற வேலை

கொஞ்சம் அடக்கி வைக்கக் கூடாதா என்று கேட்டீர்களே அம்மா, யாரை? இவளையா, என்னையா?

சிரிக்கிறீர்கள். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. என் குரலே இப்படித்தான். ரகசியம் சொன்னாலும் டிரைவர் வரைக்கும் கேட்கும். கல்லூரியில் பட்டிமன்றம் என்றால், மைக் இல்லாவிட்டால் பரவாயில்லை, கோமதியைக் கூப்பிடு என்பார்கள். ஆனால் உங்களுக்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. ஜன்னலுக்குத் தாவினாள், உங்கள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், முன் சீட்டுக்காரர் வழுக்கையில் ஓர் அடி வைத்தாள். எல்லாம் உண்மை. பஸ் இன்னும் சங்கரன்கோவில் எல்லையைத் தாண்டவில்லை, அதற்குள் இவ்வளவு. ஆனால் இது சேட்டை இல்லை. திமிர் இல்லை. செல்லம் கொடுத்துக் கெடுத்ததும் இல்லை. ஆறு வயது. நடக்க ஆரம்பித்ததே தாமதம், பேச்சு அதைவிடத் தாமதம், இன்னும் ஒன்றிரண்டு சொல்தான். வளர்ச்சித் தாமதம் என்றார் டாக்டர். கூடவே ஏ.டி.எச்.டி. அதாவது, மனசு ஓரிடத்தில் உட்காராது. அதனால் உடம்பும் உட்காராது. வெளியே தெரிகிற குறையாக இல்லாததால் பார்க்கிறவர்கள் எல்லோரும் நீதிபதி ஆகிவிடுகிறார்கள். உங்களைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

என் பிள்ளை இல்லை அம்மா. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். இவள் வடிவு அக்காவின் மகள், அல்லி. அல்லி, அம்மாவுக்கு வணக்கம் சொல்லு. சொல்ல மாட்டாள். விடுங்கள்.

மடியில் வைத்துக்கொள்கிறீர்களா? கனப்பாள். சரி, உங்களுக்குச் சிரமமில்லை என்றால் அந்தக் கம்பிப் பக்கமாக உட்காரட்டும். நான் ஜன்னல் ஓரம் நகர்ந்துகொள்கிறேன். பிடித்துப் பிடித்து எனக்குக் கை விட்டுப்போயிற்று.

கண்டக்டர், திருநெல்வேலி ஜங்ஷனுக்கு ஒன்று, ஓர் அரை. என்ன, அவளிடம் என்னவோ சொல்லிவிட்டுப் போகிறார்? கையில் நாணயம் கொடுத்தாரா? வாயில் போடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா.

எங்கே போகிறோம் என்றா? பாளையங்கோட்டைக்கு. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இவளைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதிரிப் பிள்ளைகளையும் மற்ற பிள்ளைகளோடு சேர்த்து வைத்துக்கொள்கிற பள்ளிக்கூடமாம். பரீட்சை கிடையாது. பிள்ளைகளோடு தரையில் உட்கார வேண்டும். அவர்கள் ஒரு பாட்டுப் பாடுவார்கள். அது முடியும்வரை எழுந்து ஓடாமல் இருந்தால் போதும். ஒரு பாட்டு. கிடைத்துவிட்டால் அக்கா வீட்டை அங்கேயே மாற்றிக்கொள்வாள். கிடைக்காவிட்டால் இனி எங்கேயும் இல்லை, வீட்டில்தான். அக்கா நாலு பேர் காலில் விழாத குறையாக வாங்கிய நாள் இது.

அக்கா ஏன் வரவில்லை? கணுக்காலில் மாவுக்கட்டு. அத்தான் திருப்பூரில், லீவு இல்லை. வேறு ஆள் இல்லாததால்தான் நான். அதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள். "ஏட்டி கோமு, போற இடத்துல வாயத் திறக்காத. அவங்க என்ன சொன்னாலும் சரிங்க டீச்சர்னு சொல்லு. ஒனக்குக் கோடிப் புண்ணியம்." பாருங்கள், பேச்சுக்காகவே கோப்பை வாங்கியவளிடம் சொல்கிற பேச்சா இது? ஒரு பை நிறையத் துணி மாட்டுகிற கிளிப் வேறு கொடுத்துவிட்டாள். பஸ்ஸில் அல்லி அதைக் கவுன் ஓரத்தில் வரிசையாக மாட்டிக்கொண்டே வருவாளாம், சத்தமே இருக்காதாம். பொம்பளைப் பிள்ளையைத் துணிக்கொடி மாதிரி ஆக்கிக் கூட்டிக்கொண்டு போவதா? பையை வீட்டிலேயே வைத்துவிட்டு நல்ல படக்கதைப் புத்தகமாக ஒன்று வாங்கி வந்தேன். அதைத்தான் ஏறினவுடன் இரண்டாகக் கிழித்தாள், நீங்கள் பார்த்தீர்களே, அது.

வாயத் திறக்காத. எனக்கு நெஞ்சு எரிவது அந்த ஒரு வார்த்தையில்தான் அம்மா. இந்தப் பிள்ளைக்காக இந்த வருஷம் வாயைத் திறந்த ஒரே ஆள் நான்.

நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தனியார் பள்ளிக்கூடம். சின்னதுதான். ஜூன் மாதம் இவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். நான் அப்போது ஹாஸ்டலில். போனில் கேட்பேன், எப்படிப் போகிறது என்று. "நல்லாப் போகுது கோமு, இருக்கா, உட்காருதா" என்பாள் அக்கா. அல்லி உட்காருகிறாளா! எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் சந்தோஷம். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு லீவு விட்டார்கள், இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டேன். அக்கா நைட்டி தைக்கிற கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, நானே போய்ப் பிள்ளையைக் கூட்டிவருவோம் என்று போனேன்.

போனால் என்ன பார்க்கிறேன்? வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இவள் மட்டும் வாசல் ஓரமாகத் தனியாக ஒரு முக்காலியில். பியூலா டீச்சர் என்று ஒருத்தி, தொண்டை இருக்கிறதே, என்னுடையதெல்லாம் ஒன்றுமே இல்லை. கையில் ஸ்கேல். திடீரென்று "ஏ பியூனம்மா, மணி ஆயிட்டு, எந்தி!" என்றாள். அல்லி எழுந்து ஓடினாள். வராண்டாவில் தண்டவாளத் துண்டு ஒன்று கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதுதான் மணி. ஆயா இரும்புக் கம்பியை எடுத்து இவள் கையில் கொடுத்தாள். இவள் அடித்தாள். டாங், டாங் என்று. உள்ளே இருந்து ஒரு வாண்டு என்னைப் பார்த்து, "அக்கா, அல்லிதான் எங்க பியூன்" என்றது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? சொல்லுங்கள்.

என் ஆய்வுத் தலைப்பே அதுதான் அம்மா. பள்ளிக்கூடங்களில் எந்தெந்தப் பிள்ளைகளைக் கூட்டச் சொல்கிறார்கள், எந்தெந்தப் பிள்ளைகளைத் தண்ணீர் எடுத்துவரச் சொல்கிறார்கள், யாரை மட்டும் ஒருபோதும் சொல்வதில்லை. ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். ஒரு பையன் கக்கூஸ் கழுவிய கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னான். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அப்படிப்பட்ட என் கண் முன்னால், என் அக்கா பிள்ளை, முழுப் பணம் கட்டிச் சேர்த்த பிள்ளை, பியூன்! பேச முடியாத பிள்ளை என்றால் வேலை வாங்கலாமா? வீட்டில் போய்ச் சொல்ல மாட்டாள் என்ற தைரியம்தானே?

அக்காவிடம் கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! பியூலா டீச்சரோடு கூடிப்பேசி அவள்தான் இந்த ஏற்பாட்டையே செய்திருக்கிறாள். டீச்சருக்கு அக்கா தைத்த நைட்டி இரண்டு ஓசி. "முதல்ல எழுத்து, அப்புறம் மணின்னு சொன்னா உட்காருதாட்டி. ஒரு பீரியட் முழுசும் உட்காருதா. ஒனக்குத் தெரியாது, விடு" என்கிறாள். முதலில் இது, அப்புறம் அது. தெரபிக்காரர்கள் சொல்லிக்கொடுத்த பாடம். முதலில் பல் தேய், அப்புறம் ஊஞ்சல். முதலில் சோறு, அப்புறம் தண்ணீரில் விளையாட்டு. வீடு முழுக்க இதுதான். சர்க்கஸில் கூட இப்படித்தான் பழக்குகிறார்கள் என்றேன். அக்கா எழுந்து உலையை இறக்கப் போய்விட்டாள்.

என்ன இது, இந்தக் கண்டக்டரிடம் விசில் இல்லையா? பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் கம்பியில் டங் டங் என்று ஏதோ தட்டுகிற சத்தம் வருகிறதே. பனவடலிசத்திரத்திலும் கேட்டது, இங்கேயும் கேட்கிறது. வண்டி அவ்வளவு பழசு.

எங்கே விட்டேன்? ஆமாம், பெற்றோர் கூட்டம். அந்தச் சனிக்கிழமையே வந்தது. அக்கா என்னை வரவேண்டாம் என்றாள். போனேன். தாளாளர் மேடையில் உட்கார்ந்து, ஏதாவது குறை இருந்தால் சொல்லுங்கள் என்றார், சும்மா ஒரு பேச்சுக்கு. யாரும் சொல்ல மாட்டார்கள் என்று தெரியும் அவருக்கு. நான் எழுந்தேன்.

அம்மா, தற்பெருமை என்று நினைக்காதீர்கள், அன்று பேசிய மாதிரி நான் எந்தப் பட்டிமன்றத்திலும் பேசியதில்லை. சட்டம் சொன்னேன். சமத்துவம் சொன்னேன். வாசலில் உட்கார வைப்பது ஒதுக்கி வைப்பதுதான், அதற்கு வேறு என்ன பெயர் வைத்தாலும் ஒதுக்கி வைப்பதுதான் என்றேன். என் அக்கா மகளுக்கு நடு பெஞ்ச் வேண்டும், எல்லோருக்கும் நடுவில், எல்லோரையும் போல என்றேன். கடைசியில், "ஒரு குழந்தையின் கையில் நீங்கள் கொடுக்க வேண்டியது பென்சில், இரும்புக் கம்பி அல்ல" என்று முடித்தேன். கைதட்டல்! யாரோ போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு, எங்கள் பேராசிரியை வரைக்கும் போய்விட்டது. அக்கா கடைசி வரிசையில் இருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கையை இப்படி இப்படி ஆட்டிக்கொண்டிருந்தாள். பெருமையில் அழுகிறாள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த நிமிஷத்தில் பெருமையாகத்தான் இருந்திருக்கும்.

தாளாளர் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். "தங்கச்சி சொல்றது நூத்துக்கு நூறு சரி. நம்ம ஸ்கூல்ல எல்லாப் பிள்ளையும் சமம். இனிமே எந்தப் பிள்ளையும் மணி அடிக்காது" என்றார். திங்கட்கிழமை கரண்ட் மணி மாட்டிவிட்டார்கள். தண்டவாளத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாயிற்று. பியூலா டீச்சரை அஞ்சாம் வகுப்புக்கு மாற்றினார்கள். ஓர் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தையே ஒரு பேச்சு மாற்றியது அம்மா. அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

அப்புறம் நடந்ததற்கு நானா பொறுப்பு?

முதல் நாள் கரண்ட் மணி அடித்ததும் இவள் எழுந்து வராண்டாவுக்கு ஓடியிருக்கிறாள். கம்பியும் இல்லை, தண்டவாளமும் இல்லை. அது கட்டியிருந்த உத்தரத்தைப் பார்த்துக் கையைத் தூக்கியபடியே நின்றாளாம். ஆயா தூக்க வந்திருக்கிறாள், கடித்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. ஒவ்வொரு பீரியட் முடிவிலும். புது டீச்சர் நான் கேட்ட மாதிரியே நடு பெஞ்சில், இரண்டு பக்கமும் இரண்டு பெரிய பிள்ளைகளை வைத்து உட்கார வைத்தார். அதில் தவறு இல்லை. எல்லோரும் சமம் என்றால் பரீட்சையும் சமம்தானே என்று தாளாளர் மாதப் பரீட்சைத் தாளையும் கொடுத்துவிட்டார். அதில்தான் சூது. நான் கேட்ட சமம் அது இல்லை. இந்த மாதிரிப் பிள்ளைக்குப் பரீட்சையில் சலுகை உண்டு என்று சட்டம் சொல்வது எனக்குத் தெரியும், அந்த ஆளுக்கும் தெரியும். வேண்டுமென்றே செய்தான். இவள் தாளைத் தின்றுவிட்டாள்.

ஒரு மதியம் தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியை ஆட்டிக்கொண்டு போயிருக்கிறான். இவள் பெஞ்சுக்கு அடியில் புகுந்து, கேட்டைத் தாண்டி, மெயின் ரோட்டுக்கு ஓடிவிட்டாள். லாரி வருகிற ரோடு. அக்கா சாப்பாடு கொண்டு வந்துகொண்டிருந்தாளாம், நல்ல வேளை. தூக்குச்சட்டியை வீசிவிட்டு ஓடிப் பிள்ளையைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் சாக்கடை வாறுகாலில் கால் போய்விட்டது. கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. அன்று சாயங்காலமே டி.சி. வீட்டுக்கு வந்துவிட்டது. இவளுடைய பாதுகாப்பை முன்னிட்டாம்.

இப்போது சொல்லுங்கள், குற்றவாளி யார்? கேட்டைத் திறந்துபோட்ட பள்ளிக்கூடம். நான் அப்படியே நேராகத் திங்கட்கிழமை கலெக்டரிடம் மனுக் கொடுக்கக் கிளம்பினேன். வழக்குப் போடுவோம் என்றேன். அக்கா கட்டுப் போட்ட காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்தவெல்லாம் இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், தீர்ந்திருக்கும். மெதுவாகச் சொன்னாள். "நீ பேசிட்டு ஹாஸ்டலுக்குப் போயிருவ கோமு. நாளைக்குக் காலைல எந்திரிச்சு அவ ஷூவ மாட்டிக்கிட்டு வந்து நிப்பா. எங்க கூட்டிட்டுப் போவ? கலெக்டர் ஆபீஸுக்கா?"

இது ஒரு வாதமா அம்மா? ஷூவுக்கும் உரிமைக்கும் என்ன சம்பந்தம்?

உண்மைதான், மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். தினமும். வலது இடது மாற்றித்தான் மாட்டுவாள், ஆனால் தானாக மாட்டுகிறாள். அதைக் கற்றுக்கொடுக்க அக்காவுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. வாசலில் நிற்பாள், கையை இப்படித் தூக்கி ஆட்டுவாள். அது ஏன் என்று எனக்குத் தெரியாது. டாட்டா காட்டுகிறாள் போல.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்களும் அக்கா கட்சியா? பேசாமல் இருந்திருக்கலாம் என்கிறீர்கள். எல்லாப் பொம்பளைகளும் சொல்வது இது ஒன்றுதான். அனுசரித்துப் போ. ஓசி நைட்டி கொடு. வாசலில் ஒரு முக்காலி கிடைத்தால் அதுவே பெரிது என்று உட்கார். இப்படி அனுசரித்து அனுசரித்துத்தான் எதையும் யாரும் நமக்குக் கொடுப்பதில்லை. நான் தப்பாகச் சொல்கிறேனா? இதற்கு நீங்கள் பதில் சொல்ல முடியாது. அக்காவாலும் முடியவில்லை.

இன்றைக்குக் கூட எனக்கு ஒரு சந்தேகம். ஒரு பாட்டு முடியும்வரை உட்கார்ந்தால்தான் சேர்ப்போம் என்பது சரியா? உட்காராத பிள்ளைக்குப் படிப்பு இல்லையா? அந்தப் பாளையங்கோட்டைப் பள்ளித் தலைமை ஆசிரியையிடம் இதை மட்டுமாவது கேட்க வேண்டும். மரியாதையாகத்தான் கேட்பேன்.

மானூர் தாண்டிவிட்டதா? பேச்சில் தெரியவே இல்லை. பாருங்கள் அம்மா, இதைத்தான் நான் சொல்கிறேன். சங்கரன்கோவிலில் உங்களைப் படுத்தி எடுத்தவள் இப்போது எப்படி உட்கார்ந்திருக்கிறாள்! தேவர்குளம் தாண்டி, மானூர் தாண்டி, ஒரு சத்தம் உண்டா? அக்கா இவளோடு வரும்போதெல்லாம் பாதி வழியில் இறங்கி அடுத்த பஸ் பிடிப்பாளாம். கிளிப்பும் வேண்டாம், முதலில் இது அப்புறம் அதுவும் வேண்டாம். பக்கத்தில் இருந்து மனுஷரோடு பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே வந்தால் போதும், பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கும். இன்றைக்குப் பாட்டு என்ன, கச்சேரியே நடந்தாலும் உட்காருவாள். அக்காவிடம் போய்ச் சொல்லத்தான் போகிறேன்.

என்ன? யாரைக் கூப்பிடுகிறார் அந்தக் கண்டக்டர்? "ஏ குட்டிக் கண்டக்டரு, ராமையன்பட்டி ஏறியாச்சு, ரெண்டு தட்டு போடுத்தா, வண்டி போவட்டும்!" என்கிறார். யாரை?

அல்லியையா?

இவளா இவ்வளவு நேரம் கம்பியில் தட்டிக்கொண்டு வந்தாள்? அந்த நாணயம் அதற்குத்தானா? உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டேவா மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள்? உங்கள் தோள் மறைத்துவிட்டது, நான் பார்க்கவில்லை. அல்லி, கொடு அதை. கையைத் திற. திறடி. ம், இனி இது என்னிடமே இருக்கட்டும்.

கண்டக்டர்! கொஞ்சம் இங்கே வாருங்கள். இந்தப் பிள்ளையைப் பார்த்தால் உங்களுக்கு எப்படித் தெரிகிறது? உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள். இது பிள்ளை, எடுபிடி இல்லை.

"எம்மா, பிள்ள ஆசையா இருந்துச்சு, வெளாட்டுக்குத்தான்…"

விளையாட்டு! பிள்ளைகளிடம் வேலை வாங்குகிறவர்கள் எல்லோரும் அதற்கு வைத்திருக்கிற பெயர் அதுதான். நான் எம்.ஏ. படிக்கிறேன், எனக்கே சொல்கிறீர்களா? உங்களிடம் விசில் இருக்கிறதா இல்லையா? இருக்கிறதல்லவா? ஊதுங்கள். ம், ஊதிவிட்டார். இவ்வளவுதான். கேட்க ஆள் இருந்தால் எல்லாம் சரியாக நடக்கும்.

அல்லி. அல்லி! தலையை முட்டாதே. அம்மா, காலைப் பிடியுங்கள், உதைக்கிறாள். ஐயோ, கடிக்காதே. பாருங்கள், இப்படித்தான். இவ்வளவு நேரம் நன்றாகத்தானே இருந்தாள்? ஒரு காரணமும் இல்லாமல் ஆரம்பித்துவிடுவாள். காரணமே வேண்டாம்.

பின்னால் இருக்கிறவர் யார், "அந்தக் காச அவ கையில குடுத்துருங்கம்மா" என்கிறவர்? உங்கள் வேலையைப் பாருங்கள் அண்ணாச்சி. நீங்களுமா அம்மா? கொடுக்க வேண்டுமா? இன்றைக்கு ஒரு நாணயத்துக்கு விட்டுக்கொடுத்தால் அப்புறம் வாழ்க்கை முழுக்க எதற்கெல்லாம் விட்டுக்கொடுப்பது?

ஜங்ஷன் வந்துவிட்டது. இங்கிருந்து பாளையங்கோட்டை இன்னும் கொஞ்ச தூரம்தான். அதற்குள் சரியாகிவிடுவாள். சரியாகாவிட்டாலும் பரவாயில்லை, அந்தத் தலைமை ஆசிரியையிடம் நான் பேசிக்கொள்கிறேன். பேசக் கூடாது என்றுதான் அக்கா சொன்னாள். இந்த நிலைமையில் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் பேசாமல் எப்படி இருப்பது, நீங்களே சொல்லுங்கள்?

அந்தப் பையை மட்டும் என் தோளில் மாட்டிவிடுங்கள் அம்மா. இவளைத் தூக்க ஒரு கைதான் இருக்கிறது. இன்னொரு கையில் நாணயம். திறந்தால் பிடுங்கிவிடுவாள்.